தள்ளிவிட ஆள் வேண்டாம், போக வழி வேண்டும்!

கால் போனால் வாழ்க்கையே போய்விட்டது என்று பேசுவது நம் தோட்டப்புறங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. செம்பனைக் குலை விழுந்து இடுப்பு முறிந்தவர், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர், இனிப்பு நீர் முற்றிக் காலை எடுக்க நேர்ந்தவர், நாற்பது வருடம் மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் வெட்டி முட்டி தேய்ந்து போனவர் என்று இப்படிப்பட்டவர்கள் ஒருவராவது இல்லாத தோட்டம் உண்டா? தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் இதே கதைதான்.

இவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் என்ன நடக்கிறது? முதல் மாதம் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் குவியும். நல்ல மனம் படைத்த சங்கமோ கோயில் நிர்வாகமோ ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. அந்த உதவி பெரிய உதவிதான். ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து அந்த நாற்காலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐந்தடிக்குள், சன்னல் ஓரமாக, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே நிற்கும். வாசலில் இரண்டு படி. படிக்கு அப்பால் சரளைக் கல். சரளைக் கல்லுக்கு அப்பால் மேடு.

"தம்பி, கோயில் வரைக்கும் கொஞ்சம் தள்ளிட்டுப் போயேன்."

"இரு தாத்தா, வேலை முடிச்சிட்டு வரேன்."

பேரன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் ஷிப்டு வேலை, களைப்பு. ஆனால் தாத்தா மறுநாள் கேட்க யோசிப்பார். ஒரு வாரம் கழித்துக் கேட்பதையே விட்டுவிடுவார். ஒரு கட்டன் காப்பி குடிக்கக்கூட இன்னொருவர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தால் மனிதன் எவ்வளவு நாளைக்குத்தான் வாய் திறந்து கேட்பான்? காலை இழந்ததைவிட, நினைத்த நேரத்தில் வெளியே போகும் உரிமையை இழந்ததுதான் அவரை முடக்கிப் போடுகிறது.

இந்த வாரம் நாம் பேச வந்தது அந்த உரிமையைத் திரும்பப் பெறும் ஒரு வழியைப் பற்றித்தான். தள்ளிவிட ஆள் தேவைப்படும் சக்கர நாற்காலியிலிருந்து, தானே ஓட்டிச் செல்லும் மின்சார ஸ்கூட்டருக்கு மாறுவதைப் பற்றி.

தொழிலாளி கையில் பிறந்த வண்டி

இந்த வண்டிகள் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் பிறந்தவை என்று நினைத்தால் அது தவறு. தேவைப்பட்டவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும்தான் இவற்றைச் செய்தார்கள்.

இன்று நாம் காணும் மடக்குச் சக்கர நாற்காலிக்கு வழி காட்டியவர் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர். 1918ல் சுரங்க விபத்தில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். அந்தக் காலத்து நாற்காலிகள் கனமானவை. காரில் ஏற்ற முடியாது. அவரும் அவருடைய நண்பர் ஹேரி ஜென்னிங்ஸ் என்ற இயந்திரப் பொறியியலாளரும் சேர்ந்து 1933ல் எஃகுக் குழாயில் மடக்கக்கூடிய நாற்காலியைச் செய்தார்கள். வேலைத்தளத்தில் அடிபட்ட ஒருவர், 'என்னைக் காரில் ஏற்றும்போது என் நாற்காலியும் என்னோடு வரவேண்டும்' என்று பிடிவாதமாக நின்றதன் பலன் அது.

மின்சார ஸ்கூட்டரின் கதையும் அப்படித்தான். 1968ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன தன் குடும்பத்துப் பெண் ஒருவருக்காக ஒரு சிறு மின் வண்டியைச் செய்தார். அவர் குழாய் வேலையும் வீடுகளுக்கு வெப்பமூட்டும் வேலையும் எடுத்துச் செய்த குத்தகைக்காரர். அந்த வண்டிக்கு 'அமிகோ' என்று பெயர் வைத்தார். ஸ்பானிய மொழியில் 'நண்பன்' என்று அர்த்தம். உலகம் முழுவதும் இன்று ஓடும் இத்தகைய ஸ்கூட்டர்களுக்கு முன்னோடி அதுதான்.

நம் தாய்த் தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழுவினர் 'நியோபோல்ட்' என்ற கருவியை 2021ல் வெளியிட்டார்கள். சக்கர நாற்காலியின் முன்பக்கத்தில் மோட்டாரும் கைப்பிடியும் உள்ள ஒரு சக்கரத்தை மாட்டிவிட்டால், நாற்காலியே மூன்று சக்கர ஸ்கூட்டராகிவிடும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒரு முறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அறிவித்தார்கள். போன இடத்தில் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் மறுபடியும் சாதாரண நாற்காலி. கடைக்குள்ளும் போகலாம், வீட்டுக்குள்ளும் போகலாம். ஒரே ஆளுக்கு இரண்டு வண்டி வேண்டியதில்லை.

தமிழக அரசும் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை வழங்கி வருகிறது. அந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களையும், தெருத்தெருவாக வியாபாரம் செய்கிறவர்களையும் தமிழகம் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அது எப்படி ஓடுகிறது?

பெயர் ஸ்கூட்டர் என்றாலும் இது நம் பிள்ளைகள் ஓட்டும் மோட்டார் போன்றது இல்லை. மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்கள், கை வைக்க இடமுள்ள நாற்காலி, முன்னால் நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி. நாற்காலிக்கு அடியில் மின்கலங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட்டு மின்கலம் இரண்டை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். இரவில் வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டால் காலையில் தயார். நடைபாதைக்கென்று செய்த வண்டிகள் மணிக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் வேகம் போகும். அதாவது, வேகமாக நடக்கிற ஆளுக்குச் சமமாகப் போகும்.

கைப்பிடியில் உள்ள விசையை விரலால் அழுத்தினால் வண்டி நகரும். விரலை எடுத்தால் தானே பிரேக் பிடித்து நின்றுவிடும். கால் வேலை எதுவும் இல்லை. இருக்கையைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கலாம், ஏறலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியைக் கையால் தள்ளுவதற்கென்று பின்பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் பிரேக் விட்டுவிடும். சரிவான இடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சிறு பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தொட்டுவிட்டால் வண்டி தறிகெட்டு ஓடும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஏற்றதா?

இல்லை. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நம் கடமை.

ஸ்கூட்டருக்கு மாற நினைப்பவர் முதுகை நிமிர்த்தி உட்காரக்கூடியவராக இருக்க வேண்டும். கைகளில் கைப்பிடியைத் திருப்பும் பலம் வேண்டும். பிடித்துக்கொண்டாவது எழுந்து இருக்கைக்கு மாறத் தெரிய வேண்டும். கண் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இனிப்பு நீர்க்காரர்கள் இதை முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. முட்டி தேய்ந்தவர், ஒரு கால் இழந்தவர், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர் ஆகியோருக்கு ஸ்கூட்டர் பெரிய வரப்பிரசாதம். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது சிறு குச்சி போன்ற விசையால் ஓட்டும் மின்சார நாற்காலி.

கைகளால் நாற்காலியைத் தானே உருட்டிச் செல்லக்கூடியவர் அதை முழுவதுமாகக் கைவிடக்கூடாது. கைவிட்டால் தோள் பலம் குறையும். வீட்டுக்குள் நாற்காலி, வெளியே ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஸ்கூட்டர் நீளமானது, லயத்து வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் அதைத் திருப்ப இடம் போதாது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் சரியான மெத்தை போட்டு, அடிக்கடி உடம்பைத் தூக்கி அசைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

ஆகவே, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மருத்துவமனையில் உள்ள உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமோ, செயல்வழி சிகிச்சையாளரிடமோ காட்டி, 'இவருக்கு எது தகும்?' என்று கேளுங்கள். முடிந்தால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பழுதானால் யார் பார்ப்பார்கள், மின்கலம் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மின்கலம் என்றைக்காவது மாற்ற வேண்டிய பொருள்தான். மழையில் நனையவிடக்கூடாது, விசைப்பலகைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

ஜோர்ஜ் டவுனில் வழி எங்கே?

வண்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிலே போவது?

நிபோங் திபாலிலோ, சுங்கை பக்காப்பிலோ, பத்து காவானிலோ இருக்கும் நம்மவர்கள் எதற்கெல்லாம் ஜோர்ஜ் டவுனுக்குப் போகிறார்கள்? பொது மருத்துவமனைக்கு, அரசாங்க அலுவலகங்களுக்கு, தீபாவளிச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்கு, குவீன் வீதி மகா மாரியம்மன் கோயிலுக்கு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு. மகா மாரியம்மன் கோயில் 1833ல் எழுந்தது. நம் பாட்டன் பூட்டன்கள் கரும்புத் தோட்டத்தில் வெட்டிய காலத்திலிருந்து நமக்குப் பழக்கப்பட்ட ஊர் அது.

அந்த ஊரின் அழகே கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதைதான். 1822ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளின் முன்னால் மூடிய நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. வெயிலும் மழையும் படாமல் எல்லோரும் நடப்பதற்காகவே வந்தது அது. ஐந்தடி என்றால் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். ஒரு சக்கர நாற்காலி முழு வட்டம் திரும்ப அந்த அகலமே போதும்.

ஆனால் இன்று? ஒரு கடைக்கு முன் மோட்டார் சைக்கிள்கள், அடுத்த கடைக்கு முன் சாப்பாட்டு மேசை, அதற்கடுத்த கடையில் அடுக்கி வைத்த பெட்டிகள். ஒரு கடையின் தரை உயரம், பக்கத்துக் கடையின் தரை தாழ்வு, நடுவில் படி. கால் உள்ளவன் தாண்டிவிடுவான். சக்கரம் தாண்டுமா? கடைசியில் நாற்காலிக்காரர் இறங்கிப் போவது லாரிகளும் பஸ்களும் ஓடும் சாலையில்தான்.

இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2021 டிசம்பரில் வெளியான சாலைப் போக்குவரத்து விதிகள் சிலவகைச் சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று தடை செய்தன. 2022 ஏப்ரலில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் அதை நாட்டுக்கு அறிவித்தார். இளைஞர்கள் நின்றுகொண்டு ஓட்டும் மின்சாரத் தட்டு வண்டிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நடக்க முடியாதவர்களின் மின்சார நாற்காலியும் ஸ்கூட்டரும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. உயிர்ச்சேதத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் தவறில்லை. வேகமாக ஓடும் கார்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி போவது ஆபத்துதான். ஆனால் சாலையில் போகாதே என்று சொல்கிறவர், நடைபாதையைத் திறந்துவிட்டல்லவா அதைச் சொல்ல வேண்டும்? நடைபாதையும் இல்லை, சாலையும் இல்லை என்றால் அந்த மனிதர் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதானா?

பிரிட்டனில் இதே வண்டிகளை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நடைபாதை வண்டி மணிக்கு நான்கு மைல். சாலையில் போகக்கூடிய வண்டிக்கு விளக்கு, கண்ணாடி, பதிவு எல்லாம் வேண்டும். அது எட்டு மைல் வரை போகலாம். பக்கத்துச் சிங்கப்பூரில் நடைபாதையிலேயே போக இடம் உண்டு. வழியை ஒழுங்கு செய்துவிட்டு விதி போட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஒரே நாளில் இரண்டு பெருமை

2008 ஜூலை 7ஆம் தேதி ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதே 2008 ஜூலை 7ஆம் தேதிதான் நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 26வது பிரிவு, பொதுக் கட்டடங்களையும் பொது வசதிகளையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. 27வது பிரிவு பொதுப் போக்குவரத்தைப் பற்றிச் சொல்கிறது. 2010ல் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையையும் மலேசியா ஏற்று உறுதி செய்தது.

பாரம்பரியத்தைக் காப்பாற்றப் பழைய கட்டடங்களைப் பழுது பார்த்தார்கள், சாயம் அடித்தார்கள், உலகமெங்கும் இருந்து சுற்றுப்பயணிகள் வந்தார்கள். அதே நாளில் பிறந்த இன்னொரு வாக்குறுதிக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது, மீறுகிறவர்களுக்குத் தண்டனை என்று ஒரு பிரிவும் வைக்கவில்லை. பல்லில்லாத சட்டம் என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் அன்றிலிருந்து குரல் கொடுத்து வருகின்றன. நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக இருந்த பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே இந்த உரிமைகளுக்காகப் பேசியவர். நம் இனத்துப் பெண்மணி ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்தார் என்பது நமக்குப் பெருமை. அவர் பேசியதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்பது நம் பொறுப்பு.

தயவு இல்லை, உரிமை

வண்டி விலை பல ஆயிரம் வெள்ளி ஆகும். 'நமக்கு எங்கே கட்டுப்படியாகும்?' என்று பெருமூச்சு விடுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971 முதல் செயல்பட்டு வரும் நிறுவனம் அது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது உங்கள் காசு. வேலையில் நேர்ந்த விபத்து மட்டுமல்ல, வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேர்ந்த விபத்தும் அதில் அடங்கும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்று கிராணி சொன்னால் விட்டுவிடாதீர்கள். வேலையால் வராத நோயினால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கு இயலாமை ஓய்வூதியத் திட்டம் தனியாக இருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம்மோடு குலை வெட்டும் அந்தச் சகோதரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சொக்சோ பணம் மட்டும் கொடுப்பதில்லை. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற கருவிகளும், உடற்பயிற்சி சிகிச்சையும் மறுவாழ்வுத் திட்டத்தில் உண்டு. 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் நடக்கிறது. மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தையும் அவர்களே நடத்துகிறார்கள். உங்கள் நிலைக்குச் சாதாரண நாற்காலி போதாது, மின் வண்டிதான் தேவை என்றால், காரணத்தை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, மனுவோடு இணைத்துக் கேளுங்கள். வாய் வார்த்தையாகக் கேட்டு, வாய் வார்த்தையாக 'இல்லை' என்ற பதிலை வாங்கித் திரும்பி வந்துவிடாதீர்கள். பதிலும் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது ஓ.கே.யு. அட்டை. அரசாங்க மருத்துவரின் சான்றோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 'அட்டை எடுத்தால் முடவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள்' என்று நம்மில் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அது வீண் பயம். அந்த அட்டை இருந்தால்தான் அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகையும், சமூகநல இலாகாவின் உதவித் தொகைக்கும் துணைக் கருவிகளுக்கான உதவிக்கும் மனுச் செய்யும் தகுதியும் கிடைக்கும். சொக்சோ சந்தா கட்டாதவர்கள், வீட்டில் இருக்கும் தாய்மார்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு இதுதான் முக்கியமான கதவு.

மூன்றாவது, தூரம் போக வேண்டியவர்களுக்கான மோட்டார் சைக்கிள். பட்டணத்தில் வேலை இருக்கிறது, பத்து மைல் போக வேண்டும் என்றால் நடைபாதை ஸ்கூட்டர் பயன்படாது. மூன்று சக்கரமாக மாற்றிய மோட்டார் சைக்கிளைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு ஓட்டலாம். அதற்கென்று தனி உரிமம் உண்டு. அனுமதி இல்லாமல் பட்டறையில் மாற்றிவிடாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்சு கைவிரித்துவிடும்.

நம் கையில் உள்ள வேலை

அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்போம். நாமே செய்யக்கூடியதும் இருக்கிறது.

வாசலில் இரண்டு படி, மொத்தம் ஓர் அடி உயரம் என்றால், பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு சாய்தளம் போட வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. இடம் போதவில்லை என்று செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்னால் சாயும். நடுவில் திருப்பி இரண்டாக மடித்துப் போடலாம். இரண்டு பக்கமும் சிறு விளிம்பு கட்ட வேண்டும், சக்கரம் வழுக்கி வெளியே போகாமல் இருக்க. கொஞ்சம் சிமெண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு இளைஞர்கள் இருந்தால் ஆகிற காரியம். தோட்டக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் மண்டபங்களும் இதை முதலில் செய்ய வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. மலையைக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் இருக்கும் மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட என்ன தடை?

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மின்தூக்கி பழுதானால் உடனே எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். ஐந்தாம் மாடியில் ஸ்கூட்டர் இருந்து மின்தூக்கி ஓடாவிட்டால் அது வெறும் இரும்புதான். ஜோர்ஜ் டவுனுக்குப் போகும்போது ஐந்தடி நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள். அது யாரோ ஒருவரைச் சாலையில் இறக்கிவிடுகிறது. நடைபாதை அடைபட்டுக் கிடந்தால் மாநகர் மன்றத்துக்குத் தெரிவியுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் சாலையைக் கடக்க நேர்ந்தால் மிகக் குறுகிய வழியில் நேராகக் கடந்துவிடுங்கள். சாலையோடு நெடுக ஓட்டாதீர்கள். பின்னால் பளபளக்கும் தகடும் உயரமான கொடியும் கட்டிக்கொள்ளுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள உயர்வுக்குப் பேசும் மேசையில், வேலையில் அடிபட்டவரின் வீட்டு வாசலில் சாய்தளம், அவருக்கு உட்கார்ந்து செய்யும் மாற்று வேலை என்ற கோரிக்கைகளையும் வையுங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ல் உருவானபோது தொழிலாளி கௌரவமாக வாழ வேண்டும் என்றுதான் உருவானது. கால் போனவனுக்கும் அந்தக் கௌரவம் உண்டு.

குடும்பத்தாருக்கு

தமிழகத்தில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 'இனி இவரால் என்ன ஆகும்?' என்று ஊர் பேசியிருக்கும். 1981ல் அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறகு தசைநோயால் பாதிக்கப்பட்ட கணக்காயர் எஸ். சங்கரராமனும் அவரோடு சேர்ந்துகொண்டார். நாற்காலியில் இருந்த இருவரும் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் படிப்பும் தொழிலும் கிடைக்கச் செய்தார்கள். 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் அப்படிச் சாதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சாதிக்காதவனுக்கும் கடைத்தெருவுக்குப் போக உரிமை உண்டு. காலையில் பத்திரிகை வாங்க, நண்பனைப் பார்க்க, காப்பிக்கடையில் அரசியல் பேச, பேத்தியைப் பள்ளி வாசலில் கூட்டிவர, மனம் சரியில்லை என்றால் சும்மா ஒரு சுற்றுப் போய்வர. இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். கால் இருக்கிறவர்களுக்கு அவை சின்ன விஷயங்கள்.

வண்டி வந்த பிறகு குடும்பத்தார் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். "தனியா போகாதீங்கப்பா, நாங்க வரோம்" என்று பாசத்தில் தடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் கூடவே நடங்கள். பள்ளம் எங்கே, நாய் எங்கே, கால்வாய் எங்கே என்று பார்த்து வையுங்கள். கைத்தொலைபேசி கையில் இருக்கட்டும். மூன்றாம் நாள் அவரைத் தனியே விடுங்கள். சற்று நேரம் பயமாகத்தான் இருக்கும். அவர் வெட்டுக்காட்டுக்கு விடியற்காலை இருட்டில் தனியே போய் வந்த மனிதர். காப்பிக்கடைக்குப் போய்வர அவருக்குத் தெரியும்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் மாடியில், வெளியே வராமல் முடங்கிக் கிடப்பவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பழம் வாங்கிப் போகாவிட்டாலும் பரவாயில்லை. "எங்கே போகணும்னு ஆசைப்படுறீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சொக்சோ மனு எழுத வேண்டுமா, ஓ.கே.யு. அட்டைக்குப் பதிய வேண்டுமா, வாசலில் சாய்தளம் போட வேண்டுமா என்பது அவர் சொல்லும் பதிலிலிருந்து தெரிந்துவிடும். அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.